பயன்படாத அளபுருவை அழிக்கும் முன்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் கல்வி இணைப்பில், சி மொழியில் எழுதிய பழைய நிரல்களைச் சுத்தம் செய்வது பற்றிச் சென்ற வாரம் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். மாணவர்களுக்காக எளிமையாக எழுதப்பட்டிருந்த அக்கட்டுரையில் பெரும்பகுதி சரியே. ஆனால் செயற்கூறுகளில் பயன்படாமல் கிடக்கும் அளபுருக்களைப் பற்றி அதில் ஒரே ஒரு வரிதான் இருந்தது. நிரலைக் கணினிக்குப் புரியும்படி மாற்றித்தரும் கம்பைலர் காட்டிக்கொடுக்கும் அளபுருக்களை எல்லாம் அழித்துவிடலாம், நிரலும் வேகமாக ஓடும் என்று அது சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டது. மதுரையில் எடைக் கருவிகளுக்கு நிரல் எழுதும் வேலையில் இருபது ஆண்டுகளுக்கு மேல் கழித்தவன் நான். அந்த ஒரு வரியை நம்பிக் காரியத்தில் இறங்கும் இளைஞர் எந்த இடத்தில் காலை வைப்பார் என்பது எனக்குத் தெரியும். நானும் அதே இடத்தில் காலை வைத்திருக்கிறேன். ஆகவே இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

கணினி படிக்காத வாசகர்களுக்காக ஒரு விளக்கம். பள்ளிப் பாடநூல் செயற்கூறு என்று சொல்வதை அலுவலகத்தில் பங்க்ஷன் என்போம். அது ஒரு வேலையைச் செய்துதரும் நிரல் துண்டு. அந்த வேலைக்கு வேண்டியவற்றை வாங்கிக்கொள்ளும் பெயர்களே அளபுருக்கள், அதாவது பாராமீட்டர்கள். கல்யாணச் சமையலுக்கு மாஸ்டரிடம் சாமான் எடுத்துக் கொடுக்கிறோம். பந்தி முடிந்த பிறகு பார்த்தால் ஒரு பொட்டலம் பிரிக்கப்படாமலே கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தச் சாமான் தேவையே இல்லாமல் இருந்திருக்கலாம். அல்லது சாம்பார் உப்பில்லாமல் இறங்கியிருக்கலாம். பொட்டலத்தைப் பிரித்து, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் இந்த இரண்டில் எது என்று யாரும் சொல்லிவிட முடியாது.

முதலில், இந்தப் பொட்டலங்கள் கண்ணில் படுவதே அரிது. ஜிசிசி என்ற கம்பைலரில் எச்சரிக்கைகளைக் கேட்பதற்கு 'டபிள்யூ ஆல்' என்ற தெரிவைத்தான் கல்லூரிகளில் கற்றுக்கொடுக்கிறார்கள். பெயரில் 'எல்லாம்' என்று இருந்தாலும் அது எல்லாவற்றையும் சொல்வதில்லை. பயன்படாத மாறியைச் சொல்லும், பயன்படாத அளபுருவைச் சொல்லாது. அதற்கு 'டபிள்யூ எக்ஸ்ட்ரா'வையும் சேர்த்துக் கேட்க வேண்டும், அல்லது அந்த ஓர் எச்சரிக்கையைப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். லினக்ஸ் இயக்க முறைமையின் மையப் பகுதியான கெர்னலைக் கட்டுபவர்கள் கூடுதல் எச்சரிக்கைகளைக் கேட்கும்போதும் இந்த ஒன்றை மட்டும் வேண்டுமென்றே அணைத்துவைத்திருக்கிறார்கள். அதற்கு நியாயமான காரணம் உண்டு; பின்னால் சொல்கிறேன். ஆனால் கெர்னலின் வழக்கத்தைக் காட்டி நம்மூர்ச் சிறு நிறுவனமும் அதை அணைத்துவைப்பது, ஊர்க் கோவில் தேருக்குச் சொன்ன கணக்கை வீட்டு மாட்டுவண்டிக்குப் போடுவது போல.

எங்கள் நிரலின் வரலாற்றைக் கொஞ்சம் சொன்னால்தான் மேலே சொல்ல வருவது விளங்கும். தொடக்கத்தில் அது 8051 என்ற சிப்பில் ஓடியது. 1980இல் இன்டெல் வெளியிட்ட அந்தச் சிப்பின் உள்நினைவகம் 128 பைட்டுகள். அங்கே ஒவ்வோர் அளபுருவும் ஒரு விருந்தாளி மாதிரி, உட்கார வைக்க இடம் தேட வேண்டும். பிறகு ஆர்ம் சிப்புக்கு மாறினோம், கம்பைலரும் ஜிசிசி ஆயிற்று. நிரலை முழுதாக மாற்றி எழுத நேரம் இல்லாததால், பழைய செயற்கூறுகளின் உள்ளே இருந்ததை மட்டும் மாற்றி, வெளித்தோற்றத்தை அப்படியே விட்டோம். விளைவாக, எந்தப் போர்ட், எந்தப் பேங்க் என்று பழைய சிப்புக்காகக் கேட்ட அளபுருக்கள், கேட்பாரற்ற நிலையிலும் ஊர் முழுக்கச் சுற்றிக்கொண்டிருந்தன. எச்சரிக்கையை முதன்முதலாக இயக்கிய அன்று திரையில் வந்த வரிகளைப் பார்த்து, பக்கத்து மேசையில் இருந்த இளம் பொறியாளர், 'சார், சாயங்காலத்துக்குள் எல்லாவற்றையும் தூக்கிவிடுகிறேன்' என்றார். நானும் சரி என்று சொல்லிவிட்டேன்.

அவர் தூக்கியவற்றுள் ஒன்றின் பெயர் 'கூடை எடை'.

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மல்லிகை கூடையில் வரும். வெறுங்கூடையை முதலில் தட்டில் வைத்து 'டேர்' பொத்தானை அழுத்தினால், அந்த எடையைக் கருவி நினைவில் வைத்துக்கொண்டு, பிறகு வைக்கும் மொத்த எடையிலிருந்து கழித்துக் காட்டும். திரையில் காட்டும் செயற்கூறு ஒன்று. சீட்டு அச்சிடும் செயற்கூறு வேறொன்று. சீட்டுக்கான செயற்கூறு மொத்த எடையையும் கூடை எடையையும் வாங்கிக்கொண்டு, கழித்து வரும் நிகர எடையை அச்சிட வேண்டும். என்றோ ஒரு நாள், அச்சுப்பொறியைச் சோதிக்கும்போது, எடையை உணரும் லோடு செல்லின் மூல மதிப்பு அப்படியே வருகிறதா என்று பார்க்க யாரோ கழித்தல் வரியைக் கம்பைலர் கண்டுகொள்ளாத குறிப்புரையாக்கி ஒதுக்கியிருக்கிறார்கள். சோதனை முடிந்ததும் அதைத் திரும்பப் போட மறந்துவிட்டார்கள். அந்த நொடியிலிருந்து கூடை எடை பிரிக்கப்படாத பொட்டலம் ஆகிவிட்டது. இளைஞர் அதை நீக்கினார், அழைக்கும் இடங்களிலும் நீக்கினார், கம்பைலர் வாயை மூடிக்கொண்டது. பிழை மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. போதாக்குறைக்கு, இங்கே ஒரு பிழை இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்த ஒரே சாட்சியையும் நாங்கள் கலைத்துவிட்டோம்.

கூடை 300 கிராம், முகூர்த்த நாளில் மல்லிகை கிலோ 2,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஒரு கூடைக்கு 600 ரூபாய் சீட்டில் கூடுதலாக விழும். பெரும்பாலான வியாபாரிகள் திரையைப் பார்த்துக் கையால் எழுதிக்கொள்பவர்கள் என்பதால் விஷயம் பெரிதாகவில்லை. ஆயினும் அதற்குச் சில வாரங்களுக்கு முன் ஒரு கடைக்காரர் தொலைபேசியில், 'ஸ்கிரீனில் ஒன்று வருகிறது, சீட்டில் ஒன்று வருகிறதே அண்ணே' என்று கேட்டதும், 'ஒரு தடவை அணைத்துப் போட்டுப் பாருங்கள்' என்று பதில் சொன்னவன் நானேதான். இளைஞர் நீக்கியதற்கு மறுநாள் மாற்றங்களை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டு வந்தபோது, 'கூடை எடை' என்ற பெயரில் கண் நின்றது; அந்தத் தொலைபேசிக் குரலும் நினைவுக்கு வந்தது. எச்சரிக்கை செய்தது இவ்வளவே: ஒரு பெயரைக் காட்டியது. அந்தப் பெயர் அங்கே ஏன் வந்தது என்று கேட்கும் வேலை மனிதனுடையது.

அன்று முதல் நான் வைத்திருக்கும் வழக்கம், பயன்படாத அளபுருவின் பெயரை முதலில் வாய்விட்டுப் படிப்பது. 'நீளம்', 'அளவு', 'எல்லை', 'பிழைக்குறி' என்ற பெயர்கள் வந்தால் கையை விசைப்பலகையிலிருந்து எடுத்துவிடுவேன். எங்கள் நிரலிலேயே, கடைப் பெயரைச் சீட்டின் தலைப்பில் நிரப்பும் செயற்கூறு ஒன்று, இடம் எவ்வளவு என்பதை 'நீளம்' என்று வாங்கிக்கொண்டு, உள்ளே எல்லையே பார்க்காத எஸ்பிரின்ட்எஃப் கொண்டு எழுதிக்கொண்டிருந்தது. நீளத்தை நீக்குவதற்குப் பதில், எல்லை பார்க்கும் எஸ்என்பிரின்ட்எஃப் ஆக மாற்றி அந்த நீளத்தை அதற்குக் கொடுத்தோம். கீழமாசி வீதிக் கடைகளுக்குத் தாத்தா பெயர், அப்பா பெயர், 'அன் சன்ஸ்' எல்லாம் சேர்த்து எவ்வளவு நீளப் பெயர் இருக்கும் என்பது மதுரைக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இதற்காக எதையுமே நீக்கக் கூடாது என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பழைய சிப்பின் போர்ட் எண்ணை இன்னமும் சுமந்துகொண்டிருப்பதில் ஒரு பயனும் இல்லை. ஆனால் நீக்குவதால் நிரல் வேகமாக ஓடும் என்று கட்டுரை சொன்ன காரணம் மட்டும் பெரிதாக நிற்காது. 32 பிட் ஆர்ம் சிப்பில் முதல் நான்கு மதிப்புகள் சிப்புக்குள்ளேயே இருக்கும் ரெஜிஸ்டர்களிலேயே போய்விடும். ஐந்தாவதிலிருந்துதான் நினைவகத்தில் உள்ள ஸ்டாக்கில் ஏறும். அதிலும், ஒரே கோப்புக்குள் அடங்கிய ஸ்டாட்டிக் செயற்கூறாக இருந்தால், இரண்டாம் நிலை உகப்பாக்கத்திலேயே ஜிசிசி பயன்படாத அளபுருவைத் தானாகக் கழற்றிவிடும். நீக்குவது படிப்பவருக்காக. அழைக்கும் இடத்தில் ஐந்து மதிப்புகளைப் பார்க்கும் புதியவர், ஐந்தும் விளைவை மாற்றும் என்றே நம்புவார். நான்காவதை மாற்றி மாற்றிச் சோதித்து ஒரு பகல் பொழுதைக் கழிப்பார். அந்தப் பகல் பொழுதுதான் இதன் விலை.

எங்கே தொடங்குவது என்றால், ஸ்டாட்டிக் செயற்கூறுகளில் தொடங்குவதே உத்தமம். அவற்றை அழைப்பவர்கள் எல்லாரும் அநேகமாக அந்தக் கோப்பிலேயே இருப்பார்கள். கோப்பைத் தாண்டி வெளியே தெரியும் செயற்கூறுகளில் வேறு தொல்லைகள் உண்டு. செயற்கூறுகளின் அறிவிப்புகளை வைத்திருக்கும் பழைய தலைப்புக் கோப்புகளில் அடைப்புக்குறிக்குள் ஒன்றும் எழுதாமல் விட்ட அறிவிப்புகள் இருக்கும். 1989இன் தர நிர்ணயம் வந்த பிறகும், வெற்று அடைப்புக்குறி என்பதற்கு 'எத்தனை மதிப்புகள் என்று சொல்லவில்லை' என்றே சி மொழியில் பொருள் இருந்தது. பிற்பாடு வந்த சி23 என்ற தரத்தில்தான் அது 'ஒன்றும் இல்லை' என்று ஆயிற்று. ஆகவே பழைய கம்பைலரில், மூன்று வாங்கிய செயற்கூறை இரண்டு வாங்குவதாக மாற்றினால், அந்த வெற்று அறிவிப்பை மட்டும் பார்க்கும் கோப்பு இன்னமும் மூன்றையே அனுப்பிக்கொண்டிருக்கும், கம்பைலரும் ஒரு வார்த்தை சொல்லாது. நடுவில் இருந்த அளபுருவை நீக்கியிருந்தால், இரண்டாவது இடத்தில் போய் உட்காருவது தவறான மதிப்பு. இதற்கு நான் செய்வது ஒரு பழைய தந்திரம்: அளபுருவை நீக்கும்போது செயற்கூறின் பெயரையும் சேர்த்து மாற்றிவிடுவேன். விட்டுப்போன அழைப்பு எதுவாக இருந்தாலும் இணைக்கும் கட்டத்தில் 'இப்படியொரு பெயரே இல்லை' என்று அலறும். எல்லாம் சரியான பிறகு பழைய பெயரையே திரும்ப வைத்துக்கொள்ளலாம்.

இன்னொரு கண்ணி வெடி அழைக்கும் இடத்திலேயே இருக்கிறது, இதைச் சொல்லும் கட்டுரைகள் குறைவு. அனுப்பப்படும் மதிப்பு வெறும் பெயராக இல்லாமல் ஒரு வேலையாக இருந்தால், அளபுருவை நீக்கும்போது அந்த வேலையும் சேர்ந்து போய்விடும். எங்கள் நிரலில் ஓரிடத்தில், சீரியல் போர்ட்டின் ரெஜிஸ்டரைப் படித்து வரும் மதிப்பை நேராகவே ஒரு செயற்கூறுக்கு அனுப்பியிருந்தார்கள். செயற்கூறு அதைத் தொடவே இல்லை, ஆகவே நீக்கினோம். ஆனால் அந்த வகைச் சிப்புகளில், வந்த பைட்டைப் படித்தால்தான் 'பைட் வந்திருக்கிறது' என்ற குறி அழியும். படிப்பவர் இல்லாமல் போனதும் அடுத்த பைட் வந்து முந்தியதை இடித்தது, கணினிக்குப் போக வேண்டிய கணக்கு பாதியில் நின்றது. எடைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லாத இடத்தில் மூன்று நாள் தேடினோம். ஒரு செயற்கூறுக்கு ஒரு பதிவு என்று, நிரலின் மாற்றங்களைச் சேமித்துவைக்கும் கிட் மென்பொருளில் தனித்தனியாகப் பதிந்திருந்தால், பாதி பாதியாகப் பிரித்துத் தேடும் பைசெக்ட் கட்டளை ஒரு மணி நேரத்தில் இடத்தைக் காட்டியிருக்கும். நாங்களோ எழுபது மாற்றங்களை ஒரே மூட்டையாகக் கட்டியிருந்தோம்.

இனி, கெர்னல்காரர்களின் நியாயத்துக்கு வருகிறேன். சில செயற்கூறுகளின் வடிவத்தை அவற்றை எழுதுபவர் தீர்மானிப்பதில்லை. எங்கள் கருவியின் ஒவ்வொரு பொத்தானுக்கும் ஒரு செயற்கூறு உண்டு. அவை இருக்கும் இடத்தைக் காட்டும் சுட்டுகளெல்லாம் ஓர் அட்டவணையில் வரிசையாக நிற்கும். பொத்தானின் எண்ணையும் கருவியின் நிலையையும் எல்லாமே வாங்கிக்கொள்ள வேண்டும், ஏனெனில் அட்டவணையிலிருந்து அழைக்கும் வரி ஒன்றுதான். விளக்கை ஏற்றி அணைக்கும் பொத்தானுக்கு இரண்டுமே தேவையில்லை. அதற்காக அதிலிருந்து மட்டும் அவற்றை நீக்கினால் கம்பைலர் வகை பொருந்தவில்லை என்று சொல்லும். அப்போது வகையை வலிந்து மாற்றும் ஒரு காஸ்ட் போட்டு அதன் வாயை அடைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பொருந்தாத வகையின் வழியே செயற்கூறை அழைத்தால் என்ன நடக்கும் என்பதற்குச் சி மொழித் தரம் எந்த உத்தரவாதமும் தருவதில்லை. ஆர்ம் சிப்பில் ஓடியது என்பதெல்லாம் அன்றைய அதிர்ஷ்டம். சிக்னல் வந்தால் ஓடும் செயற்கூறு, பிதிரெட் தொடங்கிவைக்கும் செயற்கூறு என்று லினக்ஸில் எதை எடுத்தாலும் இதே கதைதான். கெர்னலில் இத்தகைய அட்டவணைகள் ஏராளம். ஆகவேதான் அங்கே அந்த எச்சரிக்கையை அணைத்துவைத்தார்கள்.

வடிவம் கட்டாயமாக இருக்கும் இடத்தில் செய்ய வேண்டியது, தெரிந்தேதான் விட்டிருக்கிறேன் என்று எழுதிவைப்பது. அளபுருவின் பெயரை வாய்டாக மாற்றி ஒரு வரி போடுவது பழைய முறை. 'பயன்படாதது' என்று பொருள்படும் அன்யூஸ்டு என்ற பண்புக்குறியை ஜிசிசி நெடுங்காலமாக ஏற்றுக்கொள்கிறது. சி23இல் 'மேபி அன்யூஸ்டு' என்பது தரத்துக்குள்ளேயே வந்துவிட்டது, வரையறையில் அளபுருவுக்குப் பெயரே வைக்காமல் விடவும் அனுமதி கிடைத்திருக்கிறது. இவற்றுள் எனக்குப் பிடித்தது கிட் மென்பொருளின் சொந்த மூலநிரலில் உள்ள ஏற்பாடு. பயன்படாது என்று குறியிட்ட அளபுருவைப் பின்னொரு நாள் யாராவது பயன்படுத்தினால், அப்போதும் கம்பைலர் எச்சரிக்கும்படி அவர்கள் ஒரு மேக்ரோ எழுதிவைத்திருக்கிறார்கள். குறி பொய்யாகிப்போனால் அதுவே காட்டிக்கொடுக்கும்.

வெளியாருக்குக் கொடுத்துவிட்ட இடைமுகமாக இருந்தால் நீக்கும் பேச்சே இல்லை. லினக்ஸில் ஈபோல் கிரியேட் என்ற அழைப்பு, எத்தனை இணைப்புகள் வரும் என்ற எண்ணைக் கேட்கும். 2.6.8 பதிப்பிலிருந்து கெர்னல் அந்த எண்ணைக் கண்டுகொள்வதில்லை. ஆனாலும் அது சுழியத்தை விடப் பெரிதாக இருந்தே ஆக வேண்டும் என்ற விதி மட்டும் இன்றுவரை நிற்கிறது. எண்ணை நீக்குவதற்காக அவர்கள் பழையதைத் தொடவில்லை, 2.6.27இல் வேறு பெயரில் புதிய அழைப்பைக் கொண்டுவந்தார்கள். விண்டோஸ் நிரல்களின் நுழைவாயிலான வின்மெயினில் 'முந்தைய இன்ஸ்டன்ஸ்' என்று ஓர் அளபுரு உண்டு. 16 பிட் காலத்தில் அதற்குப் பொருள் இருந்தது, 32 பிட் வந்ததிலிருந்து அதில் வருவது எப்போதும் வெறுமைதான். அவ்வளவு பெரிய நிறுவனமே அதை நீக்கத் துணியவில்லை என்பதைப் பார்த்துவிட்டு, பத்துக் கடைகளுக்கு நூலகமாகக் கொடுத்துவிட்ட தலைப்புக் கோப்பில் கைவைப்பதா என்று முடிவு செய்துகொள்ளலாம்.

கருவிகளைப் பற்றி ஒரு வார்த்தை. கெர்னலில் நூற்றுக்கணக்கான அழைப்புகளை ஒரே மாதிரி மாற்றக் கொக்சினெல் என்ற பிரெஞ்சுக் கருவியைப் பயன்படுத்துகிறார்கள். அந்தச் சொல்லுக்குப் பொறிவண்டு என்று பொருள், செடியைக் கெடுக்கும் பூச்சிகளைத் தின்னும் வண்டு என்பதால் பொருத்தமான பெயர்தான். எந்த அளபுருவை நீக்குவது என்று நீங்கள் முடிவு செய்த பிறகு, நீக்கும் வேலையை அது பிசகில்லாமல் செய்யும். முடிவை அது செய்யாது.

தங்கள் கல்வி இணைப்பு இப்பொருளை மீண்டும் எடுத்துக்கொள்ளுமானால், இரண்டு வேண்டுகோள்கள். முதலாவது, 'டபிள்யூ எக்ஸ்ட்ரா'வையும் சேர்த்து இயக்கும்படி மாணவர்களுக்கு முதல் பாடத்திலேயே சொல்லுங்கள். டர்போ சி என்ற பழைய நீலத்திரைக் கம்பைலரில் எச்சரிக்கைகளைக் கண்டுகொள்ளாமலே பழகிய பிள்ளைகள், வேலைக்கு வந்த பிறகு எச்சரிக்கையைக் கண்டால் ஈயைப் போல விரட்டத்தான் பார்க்கிறார்கள். இரண்டாவது, கூடை எடையைப் போல, பயன்பட்டிருக்க வேண்டிய ஓர் அளபுருவின் உதாரணத்தையாவது நீக்கத் தகுந்தவற்றின் பக்கத்தில் வைத்து அச்சிடுங்கள்.

எங்கள் நிரலில் கடைசியாக மிஞ்சியது 'மொழி' என்ற அளபுரு. சீட்டு அச்சிடும் எல்லாச் செயற்கூறுகளிலும் அது இருந்தது, எல்லா இடத்திலும் சுழியமே அனுப்பப்பட்டது, எங்கும் யாரும் அதைப் பயன்படுத்தவில்லை. வேலையை விட்டுச் சிவகாசிப் பக்கம் போய்விட்ட பழைய நண்பரைக் கூப்பிட்டுக் கேட்டேன். சீட்டைத் தமிழிலும் அச்சிட வேண்டும் என்று நினைத்துப் போட்டதாகவும், எழுத்துரு வைக்க அந்தச் சிப்பில் இடம் போதாமல் விட்டுவிட்டதாகவும் சொன்னார். வேண்டும்போது எழுதிக்கொள்ளலாம், பழைய பதிப்பு கிட்டில் இருக்கிறது என்று முடிவு செய்து, ஒவ்வொரு செயற்கூறாக, ஒவ்வொரு பதிவாக அதை நீக்கினேன். போன மாதம் பூ மார்க்கெட்டிலிருந்து அதே கடைக்காரர் கூப்பிட்டார். இந்தத் தடவை கணக்கில் குறை இல்லை. சீட்டு தமிழில் வருமா என்று கேட்டார். புதிய சிப்பில் எழுத்துருவுக்கு இடம் இருக்கிறது, பார்த்துச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகன்,
திருநகர், மதுரை.